அடுப்பில் காய்ந்த வயிற்றுவார்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ரெங்கநாதர் பேரில் ஆணை, சமயபுரத்தாள் பேரில் ஆணை. இந்த அடைமழையில் அவர்கள் இருவருக்கும் என்னைக் கவனிக்க நேரமில்லை என்றால், என் குதிரை சிவப்பியின் பேரில் ஆணை. அதற்கு மேல் எனக்கு யாரும் கிடையாது.

முதலில் உங்கள் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை, இன்ஸ்பெக்டர் ஐயா. பக்கிள் பக்கத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, காற்று வருகிற நிழலில் தொங்கவிடுங்கள். முழுக்கக் காய்வதற்குள் விளக்கெண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேயுங்கள். பக்கிளைக் கழற்றி, வார் மடிகிற இடத்தில் இரண்டு தரம் தேயுங்கள். தோல் சாவது எப்போதும் அந்த மடிப்பில்தான். அவசரம் என்று நெருப்பருகே மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள்.

பாலக்கரை அழகிரி என்றால் ஜங்ஷனில் குதிரை வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். ஜங்ஷனுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நான் ஓட்டிய காலத்தில் என் கடிவாளத்தைச் சுருட்டி வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். அத்தனை மெது. ஒரு ஐப்பசியில் பெய்த மழைக்கு உச்சிப்பிள்ளையார் தும்மியதைப் பாலக்கரையிலிருந்தே கேட்டவர்கள் உண்டு. அந்த மழையிலும் என் சேணத்தில் ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை. காரணம் ஒன்றுதான். எதையும் நான் முன்கூட்டியே செய்துவிடுவேன். ஐப்பசி பிறக்கும் முன்னால் எண்ணெய், மேகம் கூடும் முன்னால் குடை. என் கருமாதிச் சோற்றைக்கூடப் போன வருஷமே ஊருக்குப் போட்டுவிட்டேன். வந்து சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். பாயசத்தில் இனிப்புக் கொஞ்சம் கம்மி.

முட்டி இரண்டும் போன பிறகு வண்டி, சிவப்பி, சேணம் எல்லாவற்றையும் வீரமலையிடம் கொடுத்தேன். என் தங்கை பொன்னுத்தாயின் புருஷன். மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். வீரமலை கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், பெண்டாட்டியை அடிக்க மாட்டான். மழையில் நனைந்த வாரை மட்டும் வந்ததும் மூலையில் வீசிவிடுவான். ஒருமுறை கழுத்துப் பட்டையில் காளான் முளைத்தது. என் தங்கை அதைப் பறித்துக் குழம்பு வைத்தாள். உப்பே போடவில்லை, குதிரை வியர்வை போதுமானதாக இருந்தது. வீரமலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

காளான் வந்ததும் தோலைக் காயவைக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றிவிட்டது. சிவப்பியின் அடிவயிற்றைச் சுற்றிக் கட்டுகிற வயிற்றுவாரைக் கொண்டுபோய் அடுப்புக்கு மேல் கொடியில் போட்டான்.

"மாப்பிள்ளை, நெருப்புல காட்டாதீங்க. தோலு செத்துப்போயிடும்."

"மாடு செத்தப்பவே அதுவும் செத்துப்போச்சே மச்சான். இன்னொரு தரமா சாகப்போவுது?"

தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல பதில்தான்.

அடுப்பில் காய்ந்த தோல் பலகை மாதிரி விறைத்துவிடும். அந்த விளிம்பு சிவப்பியின் விலா ஓரத்தில் அறுத்தது. புண்ணின் மேலேயே மறுநாளும் இறுக்கிக் கட்டினான். மழைத்தண்ணீரும் வியர்வை உப்பும் அதில் இறங்கின. வாரைக் கையில் எடுத்தாலே சிவப்பி பின்வாங்க ஆரம்பித்தது. பின்வாங்கினால் சாட்டையால் ஒன்று வைப்பான். அடி விழுந்ததும் சிவப்பி அவனைப் பார்க்காது, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கும்.

"குதிரையத் திருப்பிக் குடுத்துடுங்க மாப்பிள்ளை."

"உங்களுக்கு நடக்கவே முட்டி இல்ல, குதிரைய வச்சு மடியில தூக்கிக் கொஞ்சப்போறீங்களா? இது இனிமே வண்டிக்கு லாயக்கில்ல மச்சான். முசிறியில செங்கல் சூளைக்காரரு கேட்டுருக்காரு. மழை விட்டதும் ஓட்டி விட்டுடலாம்."

சூளைக்குப் போன குதிரை எதுவும் திரும்பி வந்ததாக நான் கேட்டதில்லை. மழை விடுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. நிதானமாக யோசித்தேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள் ஐயா, அது சிவப்பிக்குக் கேவலம்.

நான் புதிதாக எதையும் செய்யவில்லை. அவன் ஆரம்பித்த வேலையையே தொடர்ந்து செய்தேன், கொஞ்சம் அக்கறையோடு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் படுத்ததும் வயிற்றுவாரைக் கழற்றி எடுத்துக்கொள்வேன். அடுப்பில் கங்கு மீந்திருக்கும். பக்கிளுக்குள் மடிகிற இடத்தை மட்டும் அதற்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பேன். கருகல் வாசனை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்துவிடுவேன். பிறகு மேலே விளக்கெண்ணெய், நன்றாகப் பளபளக்கும்படி. சிவப்பிக்கு உறுத்தாமலிருக்க உள்பக்கத்தில் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினேன். புண் ஆறத் தொடங்கியது.

"மச்சான் கை பட்டா தோலு புதுசாயிடுது," என்றான் வீரமலை. உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் என் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

ஏன் வயிற்றுவார் என்று கேட்பீர்கள். இது இரண்டு சக்கர வண்டி. பின்னால் கனம் ஏறினால் முன்னால் குதிரையின் இரு பக்கமும் நீண்டிருக்கிற இரண்டு கட்டைகளும் வானத்தைப் பார்த்துத் தூக்கும். தூக்காமல் பிடித்து வைத்திருப்பது குதிரையின் அடிவயிற்றில் ஓடுகிற அந்த ஒரு வார்தான். அதனால்தான் எங்கள் ஆட்கள் எல்லாரும் "முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க" என்று கத்துகிறோம். வேறு எந்த வாரில் கை வைத்தாலும் சிவப்பிக்கு அடிபடும். வயிற்றுவார் அறுந்தால் குதிரை தனியே நின்றுவிடும், வண்டிக்காரன்தான் மேலே போவான். நான் குதிரையைக் கொல்கிறவன் இல்லை.

பின்னால் கனத்துக்கு நான் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீரங்கம் ரெங்கம்மாள் மாமி புத்தூரில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வண்டியில்தான் திரும்புவார். நல்ல சரீரம். குளித்து மடியாக வருவார். தோல் மேலே படக்கூடாது என்பதால் வண்டியின் பின் ஓரத்தில்தான் உட்காருவார். மழை நாளில் முன்பக்கம் வாரெல்லாம் சொட்டிக்கொண்டிருக்குமா, இன்னும் ஒரு முழம் பின்னால் போய்விடுவார்.

"மாமி, கொஞ்சம் முன்னாடி வாங்க. வண்டி தூக்குது," என்றான் வீரமலை, காவிரிப் பாலத்தில் ஏறும்போது.

"முன்னாடி பூரா தோலும் ஈரமுமா கெடக்கு. ஸ்நானம் பண்ணிட்டு வந்திருக்கேன், என்னை எங்கே வரச் சொல்றே? பெருமாள் பார்த்துப்பார், நீ ஓட்டுடாப்பா."

பாலத்தின் நடுவில் எதிர்க்காற்று. ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு செக்கச்செவேலென்று போனது. மடிப்பில் வார் விட்டது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிகிற அளவுதான். கட்டைகள் எழும்பின. அவை வண்டியோடு சேருகிற இடத்தில் உட்கார்ந்திருந்த வீரமலையும் எழும்பினான். கைப்பிடிச் சுவரைத் தாண்டும்போது அவன் கையில் சாட்டை இருந்தது. அதன் பிறகு சாட்டை மட்டும் கொஞ்ச தூரம் மிதந்தது.

மாமி உட்கார்ந்தபடியே ரோட்டில் இறங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுபடி குளிக்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான். சிவப்பி யாரும் ஓட்டாமலே பாலக்கரைக்குத் திரும்பி வந்து என் தோளில் முகத்தை வைத்தது. நான் முதலில் கடிவாளத்தைத் துடைத்து நிழலில் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகுதான் தங்கையிடம் போனேன். "அண்ணே, அண்ணே" என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். என் கையில் விளக்கெண்ணெய் இருந்தது, அவள் முடிக்கும் நல்லதுதான்.

ஆகவே வீரமலையைக் கொன்றது நான்தான். தோலைச் சாகடித்தது அவன், அவனைச் சாகடித்தது தோல், நடுவில் எண்ணெய் போட்ட கை என்னுடையது. தங்கையின் முகத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. சிவப்பியின் விலாவில் புது முடி முளைப்பதை நினைத்தால் அந்த வருத்தம் போய்விடுகிறது. என் மனசு இளகினது ஐயா, எண்ணெய் போட்ட வார் மாதிரி.

எழுதியாயிற்றா? கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். மழை வலுத்த பிறகு ஓடிவந்து நிற்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

வீரமலை இன்னும் பாலம் ஏறவில்லை, வெளியே வண்டியோடுதான் நிற்கிறான். ரெங்கம்மாள் மாமி பின்னால் ஏறி உட்கார்ந்தாயிற்று, நான் நடந்தே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.