மீன்முள்ளுக் கட்டடத்து விரிசல்

அட, மேல் வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கா தம்பி, எத்தன தடவ சொல்றது? அஞ்சாம் மாடி பூட்டிக் கிடக்கு. அதான் காலைல நாலாம் மாடில ஜக்கரியாஸ் வீட்டுக் கூரைல விரிசலப் பாத்துட்டீங்களே, அது போதாதா? ஏறுங்க வண்டில. மூணு சக்கரம்னு பயப்படாதீங்க. நான் உக்காந்தா எந்தப் பக்கமும் சாயாது.

நீங்க கட்டடத்தச் சோதிக்க வந்த இன்ஜினியரு, பெய்ரா ஊர்க்காரரு, மபூட்டோ உங்களுக்குப் புதுசு. எங்க மீன்முள்ளுக் கட்டடத்த மட்டும் பாத்துட்டு, பலமில்ல, இருபத்தெட்டுக் குடும்பமும் காலி பண்ணுங்கன்னு எழுதிட்டுப் போயிட்டா என்ன நியாயம்? அதே காலத்துல கட்டினதுங்க ஊர் பூரா நிக்குது. அதையும் பாத்துட்டு எழுதுங்க. நான் சும்மா சொல்லல, கட்டடக் கமிட்டித் தலைவியா சொல்றேன்.

இந்தா, இடது பக்கம் பாருங்க. சுவர் பூரா பல்லக் காட்டிக்கிட்டு ஒண்ணு நிக்குதா? என் மாமியார் சிரிச்சா இப்படித்தான் இருக்கும்னு ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரரு ஒரு வாரம் பேசல. போர்த்துகீசியன் காலத்துக் கட்டடம். வயசானா எல்லாருக்கும்தான் கோடு விழும். என் மூஞ்சியப் பாருங்க, எத்தன கோடு. என்னையும் காலி பண்ணச் சொல்லுவீங்களா? சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க.

எங்க விரிசல் எதனாலங்கிறீங்களா? கடல் காத்துதான், வேறென்ன. உப்பு அரிச்சிருச்சு. என்ன தலைய ஆட்டுறீங்க? உப்புன்னா வெளிச்சுவர்லதான் மொதல்ல வருமா? கூரைக்கு நடுவுல வராதா? ம். படிச்சவரு சொன்னா சரிதான். அப்ப ஜக்கரியாஸோட ரேடியோவா இருக்கும். துறைமுகத்துல முப்பது வருஷம் கிரேன் ஓட்டி மனுஷனுக்குக் காது போச்சு. பந்தாட்டம் வச்சாருன்னா கப்பல்ல இருக்கறவனுக்கும் கேக்கும். கோல் விழுந்தா குதிப்பாரு வேற. கூரை வரைக்கும் குதிப்பாரான்னு கேக்கறீங்களா? நீங்க எங்க ஊர் டீம் ஜெயிச்சுப் பாத்ததில்ல தம்பி.

ஏம்ப்பா பெலிஸ்பெர்த்தோ, அந்த முக்குல நிறுத்து. சாருக்குப் பசிக்கும். பஜியா தெரியுமில்ல? பெய்ராலயும் உண்டா? இருக்கலாம், ஆனா இந்தப் பொம்பள போடற மாதிரி இருக்காது. ரொட்டியப் பொளந்து, சூடா அஞ்சு உருண்டைய உள்ள வச்சு, உள்ளங்கையால ஒரு அமுக்கு. சட்டைல எண்ண படாம தின்னு முடிச்சாத்தான் மபூட்டோக்காரன். ஐயோ, போச்சு. பரவால்ல, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்தது உங்க தப்பு.

இதுதான் பொலானா கோயில். எலுமிச்சம்பழம் பிழியற சாமான கவுத்து வச்ச மாதிரி இருக்கில்ல? ஊரே அப்படித்தான் சொல்லும். உள்ள போய் அண்ணாந்து பாருங்க, கண்ணாடி வழியா வெளிச்சம் கலர் கலரா எறங்கும். நான் இங்கதான் பாவமன்னிப்புக்கு வருவேன். எனக்கென்ன பாவமா? இருக்கே, ஒண்ணு ரெண்டு. சாமியார்கிட்டயே முழுசாச் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்லுவனா?

வாங்க, இதான் நான் நடத்தற கடை. நாலு பெஞ்சு, எதிர்ல கடல். உக்காருங்க. மத்தாப்பா சாப்பிடாம மபூட்டோவப் பாத்தேன்னு ஊர்ல போய்ச் சொன்னா அடிப்பாங்க. மரவள்ளிக் கீரை, வேர்க்கடலை, தேங்காப்பால், நண்டு. அவ்வளவுதான் இதுல. மெதுவா. கீரை நாக்குல தட்டுதா பாருங்க, தட்டாது. இன்னொரு தட்டு? வேண்டாம்னு வாய்தான் சொல்லுது, கை தட்ட நீட்டுதே. ஜக்கரியாஸும் அப்படித்தான், மூணு தட்டுக்குக் கொறஞ்சு எந்திரிக்க மாட்டாரு.

என்ன, அதுக்குள்ள நோட்ட எடுத்துட்டீங்க?

என்ன எழுதப் போறீங்க?

இருங்க, இருங்க. காரணம் தெரியலன்னா அப்படித்தான் எழுதணுமா? கட்டடமே தளந்துருச்சுன்னா? முப்பது நாள்ல எல்லாரும் காலி பண்ணணுமா? மேல் வீட்டத் தொறந்து பாக்காம வேற மாதிரி எழுத முடியாது, இன்னிக்கே அனுப்பியாகணும்ங்கிறீங்க. ம். உங்க மேலயும் தப்பில்ல.

தம்பி, ரெண்டாம் மாடில ரொசாலினாவுக்கு இது ஒம்பதாம் மாசம். ஜக்கரியாஸுக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. பால்கனில உக்காந்து துறைமுகத்துக் கிரேன எண்ணுவாரு, அதான் அவருக்குப் பொழப்பு. அந்த மனுஷன முப்பது நாள்ல நான் எங்க கொண்டு வைப்பேன்? அந்தத் தண்ணிய இப்படித் தள்ளுங்க தம்பி.

சரி. உரல்ல தலைய விட்டாச்சு, உலக்கைக்குப் பயந்தா ஆகுமா. நீங்க இந்தக் கீரை எப்படி இவ்வளவு மையா இருக்குன்னு கேக்கவே இல்லையே. மிக்சில அடிச்சா இந்தப் பக்குவம் வராது. இடிக்கணும். நல்ல கனமான மர உரல்ல, விடியக்காலம் ஒரு மணி நேரம் நின்னு இடிக்கணும். வீட்டுக்குள்ள யாரும் இடிக்கக் கூடாது, கீழ முத்தத்துலதான்னு எங்க மாடிப்படில நோட்டீஸ் ஒட்டியிருக்கும், பாத்திருப்பீங்க. கையெழுத்து என்னோடதுதான். மூணு பொம்பளைங்களோட உலக்கையக் கூடப் பறிச்சு வச்சேன். அதுல நல்லதா ஒண்ணப் பாத்து நானே வச்சுக்கிட்டேன்.

என்ன செய்ய? லிப்ட் செத்துப் பல வருஷமாச்சு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு தெனம் அஞ்சு மாடி எறங்கி இடிச்சுட்டு ஏற முடியுமா? ஜக்கரியாஸுக்குத்தான் காது கேக்காதே, அந்தத் தைரியம். மத்த வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு கிண்ணம் போயிரும், ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. பதினோரு வருஷம் தம்பி, சமையக்கட்டுல ஒரே எடத்துல. இன்னிக்கு விடியக்காலமும்தான். அதத்தான் நீங்க இப்ப தின்னீங்க.

ஆமா, ஊருக்குப் போன அந்த மேல் வீட்டுக்காரி நான்தான்.

எந்திரிங்க, சாவி இந்தா இடுப்புலதான் இருக்கு. மேல வந்து உரல நகத்திட்டு சுத்தியலால தட்டிப் பாருங்க. ஜக்கரியாஸ் கூரை மூலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்த ஒரு எடத்துலதான் வெடிச்சிருக்கு. தட்டிப் பாத்துட்டு உங்களுக்கே சரின்னு பட்டா, கட்டடம் பலமாத்தான் இருக்கு, காலி பண்ண வேண்டியது கமிட்டித் தலைவிய மட்டும்தான்னு எழுதுங்க.