ஒன்பதாம் அறையின் சிவப்பு விளக்கு: கிழக்குப் பகுதித் தலைமைச் செவிலியருக்கு அளிக்கும் பணிநிறைவு மடல்

முப்பத்தோராண்டு முதியோரின் முனகலுக்கும் முறைப்புக்கும் முகஞ்சுளிக்காது முன்னின்ற முதல்வியே! கனிவைக் கையிலும் கண்டிப்பைக் கண்ணிலும் வைத்துக் காத்த காவலே! கிழக்குப் பகுதியின் பதினெட்டு அறைகளையும் அவற்றுள் குடியிருக்கும் பதினெட்டுப் பிடிவாதங்களையும் தனித்தனியே அறிந்த எங்கள் பெரிய சிஸ்டரே! வணக்கம்.

பணி நிறைந்து செல்பவரைக் குழப்பமின்றி வாழ்த்துவதே முறை. அது எங்களுக்குக் கைகூடவில்லை. இம்மடலை மூன்று முறை எழுதிக் கிழித்தோம். புகழ்ந்து எழுதினால் பாதி பொய்யாகிறது. குறை சொல்லி எழுதினால் முழுப் பொய்யாகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறோம். வாழ்த்து அதற்குள்ளேயே கிடக்கட்டும்.

குளியலறைத் தரையின் ஈரத்தைத் துடைத்தவர் சொல்லை நம்பாமல் வெறுங்காலால் தொட்டுப் பார்த்தவர் நீங்கள். இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தோமா என்று எங்கள் ஏட்டைப் பார்க்காமல் அவர் முதுகைப் பார்த்தவர் நீங்கள். "கையக் கழுவுனியா, இல்ல தண்ணிக்குக் காட்டிட்டு வந்தியா?" என்ற உங்கள் கேள்விக்கு அஞ்சி, எங்களில் சிலர் இன்றும் வீட்டில் சோறு பரிமாறுமுன் இருமுறை கை கழுவுகிறோம்.

இரண்டாண்டுகளுக்கு முன், நம் பணியின் தரத்தைக் கண்காணிக்கும் தரப் பிரிவுக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவளே. பட்டத்தையும் கோபத்தையும் சேர்த்து மூக்கு நுனியில் வைத்திருந்தாள். இந்த முதியோர் இல்லத்தில் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்பது அவள் முதல் நாள் முடிவு. அதை நிரூபிக்க அழைப்பு மணிக் கணக்கைக் கையிலெடுத்தாள்.

அறைகளில் இருப்பவர் கட்டிலோரப் பொத்தானை அழுத்தினால் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். ஊழியர் வந்து பச்சைப் பொத்தானை அழுத்தினால் அணையும். இடைப்பட்ட நேரத்தைக் கணினி குறித்துக்கொள்ளும். மூன்று நிமிடத்துக்குள் அணைய வேண்டும் என்பது தரவிதி. மேற்குப் பகுதியின் சராசரி ஒரு நிமிடம். உங்கள் பகுதியின் சராசரி பதினொன்று!

அவள் பொங்கினாள். கிழக்குப் பகுதி கடைசி என்று அட்டவணை எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வரவேற்பறையில் ஒட்டினாள். விளக்கம் கேட்டு உங்களுக்கு மெமோ வந்தது. நீங்கள் அதை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, நாலாம் அறைக்குக் கஞ்சி ஊட்டப் போய்விட்டீர்கள்.

அன்று மாலை அவள் தன் அறிக்கையை வீட்டில் வாசித்துக் காட்டினாள். அவள் அம்மா ஊரார் துணியைத் துவைத்து அவளைப் படிக்க வைத்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிடி. மணி அடிச்சவங்களுக்கு என்ன வேணும்னு இதுல எங்க இருக்கு?" என்றார்.

அதற்கு அவள் அட்டவணையில் கட்டம் இல்லை.

மறுநாள் இரு பகுதிகளிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மேற்கில், மணி அடித்ததும் கதவிடுக்கில் ஒரு கை நுழைந்தது. பச்சைப் பொத்தானைத் தட்டியது. "தோ வரேம்மா" என்ற குரலோடு மறைந்தது. கணினி நாற்பது நொடி என்று எழுதிக்கொண்டது. உள்ளிருந்த அம்மையாரோ முப்பத்தைந்து நிமிடம் ஈரத்துணியோடு கிடந்தார். கிழக்கில், துணி மாற்றி, துடைத்து, போர்த்தி, தண்ணீர் கொடுத்து, "இன்னும் ஏதாவது வேணுமா?" என்று கேட்ட பிறகுதான் பச்சைப் பொத்தான்மேல் விரல் போயிற்று. அது உங்கள் சட்டம். "வேலை முடியறதுக்குள்ள அதத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்று நீங்கள் சொன்னதைக் கேட்காத ஊழியர் கிழக்கில் இல்லை.

அவள் உங்களிடம் ஓடி வந்தாள். "ஏன் சிஸ்டர் வாயே தொறக்கல? மெமோவ வாங்கி உள்ள போட்டுட்டுச் சும்மா இருந்தா என்ன அர்த்தம்?"

"நீ எங்கம்மா கேட்ட? அட்டைய ஒட்டிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்ட. பொண்ணு பாவம், ரொம்பக் கோவத்துல இருக்குன்னு விட்டுட்டேன்."

அன்றே அட்டவணையைக் கிழித்தாள். உங்கள் முறையே முறை என்று இல்லம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். இந்த இடத்தில் மடலை முடித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. ஒன்பதாம் அறையின் விளக்கு எரிந்தது. அங்கிருப்பவர் நாற்பதாண்டு மாடிக் கட்டடமொன்றில் லிஃப்ட் இயக்கியவர், எங்களுக்கு லிஃப்ட்காரர். குளியலறைக்குப் போகத் துணைக்கு மணி அடித்தார்; பொறுக்காமல் தானே எழுந்தார்; விழுந்தார். விளக்கு இருபத்தாறு நிமிடம் எரிந்தது. அதற்குள் அவ்வழியே நால்வர் நடந்து போனோம். விளக்கு எரிகிறது, யாரோ உள்ளே வேலையாக இருக்கிறார்கள் என்று நினைத்து நிம்மதியாகப் போனோம். அந்த நான்காவது ஆள், கையில் கோப்போடு போன தரப் பிரிவுப் பெண்.

மேற்குப் பகுதியில் எவருக்கும் இந்தத் தவறு வந்திராது. அங்கே விளக்கு எரிந்தால், இன்னும் யாரும் உள்ளே போகவில்லை என்று பொருள். எரிந்தால் ஆள் இருக்கும் என்று பழகியவர்கள் நாங்கள் மட்டுமே.

மணிக்கட்டு முறிந்த லிஃப்ட்காரரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியபோது அவர் கோபப்படவில்லை. "ரெண்டு மாடி தள்ளி மணி அடிச்சாலே ஓடுவேன். இங்க பத்தடி தூரம். சரி, யாருக்கு என்ன அவசரமோ" என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

நிகழ்வுப் பதிவேட்டில் உங்கள் கையால் எழுதினீர்கள்: "விளக்கு எரிந்தது. கண்டவர் நால்வர். அப்படிப் பழக்கியவள் நான்."

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கத்தினாள். "உங்க பேர ஏன் எழுதுறீங்க? நடந்து போனது நானு!"

"லைட்டு எரிஞ்சா கவலப்படாதன்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அப்ப எதுதான் சரி? அணைக்கிறதா, எரிய விடுறதா?"

"தெரியலம்மா."

"முப்பது வருஷம் வேல பாத்துட்டுத் தெரியலங்கிறீங்க!"

"சர்வீஸ் ஆனா எல்லாம் தெரிஞ்சிரும்னு எவ சொன்னா? டீ ஆறுது, குடி."

சிஸ்டரே! 'அணையா விளக்கே' என்று உங்களை விளிக்க ஆசைப்பட்டோம். அந்தச் சொல்லை எழுதியதும் ஒன்பதாம் அறை நினைவுக்கு வந்து கை நின்றுவிட்டது. உங்கள் நேர்மைதான் பதினெட்டுப் பேரை ஈரத்தில் கிடக்காமல் காத்தது. அதே நேர்மைதான் எங்கள் கண்ணையும் மறைத்தது. இதைப் பாராட்டில் சேர்ப்பதா, குறையில் சேர்ப்பதா? இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்காமல் இருக்கவும் நேரமில்லை. அடுத்த மாதம் தர ஆய்வுக்குழு வருகிறது. இனி இல்லம் முழுமைக்கும் அழைப்பு மணிக்கு ஒரே விதி. அதை எழுத வேண்டியவள் அந்தப் பெண். அவள் எழுதுவது எதுவோ அதுதான் நீங்கள் போன பின் பதினெட்டு அறைகளுக்கும் வாழ்க்கை. மேலாளர் இதமாகவே சொன்னார்: "மேற்குப் பகுதி மாதிரியே எழுதிரும்மா. நம்பர் அழகா இருக்கு, யாருக்கும் தலைவலி இல்ல."

"தலைவலி இல்ல சார். ஈரத்துணிதான் இருக்கு" என்றாள் அவள்.

வேலை முடியும்வரை விளக்கு எரியட்டும், காண்பவர் எவராயினும் கதவைத் திறந்து பார்க்கட்டும் என்று எழுதி, முதலில் லிஃப்ட்காரரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் துணி மாத்துறப்ப வர்றவன் போறவன்லாம் எட்டிப் பாப்பானா? நல்ல விதிம்மா." அடித்துவிட்டு மாற்றி எழுதினாள்: தட்டிக் குரல் கொடுக்க வேண்டும், ஊழியர் குரல் பதிலாக வந்தால் போகலாம், வராவிட்டால் திறக்க வேண்டும். "இது பரவால்ல. லிஃப்ட்ல மாட்டுனவங்களுக்கு நாங்களும் மொதல்ல குரல்தான் குடுப்போம்" என்றார்.

அந்த விதிதான் மேலாளர் மேசையில் இருக்கிறது. சராசரி மூன்று நிமிடத்துக்குள் வராது; மதிப்பெண் குறையும்; அடுத்த மெமோ அவள் பெயருக்கு வரும். இது சரியா என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனாலும் அதன் கீழே நாங்கள் அனைவரும் ஒப்பமிட்டுவிட்டோம்.

பெருந்தகையீர்! நோயின்றி, நோவின்றி, மணி அடிக்கத் தேவையின்றி நெடுநாள் வாழ்க! நின்று நின்று வீங்கிய கால்கள் நீட்டி ஓய்வு கொள்க! ஆனால் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் இங்கே வாருங்கள். எரியும் ஒரு விளக்கின் அருகே நின்று, எத்தனை பேர் கதவைத் தட்டுகிறோம் என்று பாருங்கள். தட்டாமல் போகிறவரைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுங்கள். எங்கள் எல்லார் பெயரும் உங்களுக்குத் தெரியும்.

இங்ஙனம்,
குழப்பம் தீராத அன்புடன்,
கிழக்குப் பகுதி ஊழியர் அனைவரும்,
தரப் பிரிவும்,
இதைப் படித்த பின்னும் கையெழுத்திட முன்வந்த மேற்குப் பகுதி ஊழியர் ஐவரும்.