ஈரக் கை

அம்பாசமுத்திரம் தியேட்டரில் விற்கிற கலர் சோடா பாட்டில் ஒருநாளும் குளிர்ந்திருந்ததில்லை, ஐயா. அன்றைக்கு மட்டும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாரப் பத்திரிகையில் தொடராக வந்து ஊரையே உறங்கவிடாமல் செய்த நாவல்தான் படமாக வந்திருந்தது. ஆற்றில் மூழ்கிச் செத்த மூத்தாள், புருஷன் அப்புறம் கட்டிய இளையவளைத் தேடி வருகிற கதை. நான் வாராவாரம் கிழித்துத் தைத்து வைத்தவள். பேய் எந்த இடத்தில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். மற்றவர்கள் அப்படியில்லை. டிக்கெட்டோடு விபூதிப் பொட்டலம் கொடுத்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் இடுப்பில் வேப்பிலை செருகியிருந்தார்கள். ஒருத்தி திரையைப் பார்த்து, "போயிரு தாயி, உனக்குப் பொங்கல் வைக்கேன்" என்று கும்பிட்டாள். எனக்கானால் படத்தைவிட இவர்கள்தான் வேடிக்கை.

எனக்கு முன்வரிசையில் அடுத்த வீட்டுச் சங்கரி, மாமியார் பிரம்மநாயகியோடு உட்கார்ந்திருந்தாள். கணேஷ்ராமுக்கு இவள் இரண்டாந்தாரம். மூத்தவள் காந்திமதி படித்துறையில் வழுக்கி ஆற்றோடு போய் மூன்று வருஷம். அப்படிப்பட்டவளை இந்தப் படத்துக்குக் கூட்டிவந்ததே தப்பு. கூப்பிட்டது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரையில் மூத்தாள் கை நீண்டபோது, பாட்டிலை மடியில் வைத்துவிட்டு, ஈரக் கையைச் சங்கரியின் பிடரியில் வைத்தேன். விளையாட்டுக்குத்தான். அலறிக்கொண்டு விழுந்தாள். படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள்.

"கை பட்டுது அத்தை. ஈரக் கை."

யூனிஸ் டீச்சரும் படத்துக்கு வந்திருந்தார். "பிள்ளை பயந்துட்டு, வேற ஒண்ணுமில்ல. டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார். பிரம்மநாயகி என்னைத்தான் பார்த்தாள். "ஏளா, நீ பின்னாலதான இருந்தே. யாரு தொட்டா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். தியேட்டரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் நான் சொன்ன சேதி பொய்த்ததில்லை. அந்தப் பேரோடு இருந்துவிட்டு, இந்த வயதில் சின்னப்பிள்ளை மாதிரி விளையாடினேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

"ஆளு யாரையும் காணலக்கா. ஆத்துப் பாசி வாடைதான் குப்புனு அடிச்சுது" என்றேன்.

மறுநாள் பால் வாங்கப் போகும்போதே ஊருக்குத் தெரிந்திருந்தது. அதற்காக நான் நாலு வீடுதான் ஏறினேன்.

பிடித்திருப்பது காந்திமதிதான் என்று கோடாங்கி வந்து குறி சொன்னார். காந்திமதி போன அதே படித்துறையில், மூன்று வெள்ளிக்கிழமை, நூற்றியெட்டு முங்கு. கார்த்திகை மாசம், ஆற்றில் செந்தண்ணீர். முதல் வெள்ளி சங்கரி தானே முங்கினாள். இரண்டாம் வெள்ளி காய்ச்சல்; பிடித்து முக்க வேண்டியிருந்தது. யூனிஸ் டீச்சர் என் வீட்டுக்கே வந்து, "நீங்க சொன்னா கேப்பாங்க, ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் வெள்ளி பாதியிலேயே பிரம்மநாயகிக்குக் கை ஓய்ந்துவிட்டது. "கொஞ்சம் நீ பிடிளா" என்றாள். அடுத்த வீட்டுக்காரி மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

அறுபத்து மூன்றாவது முங்குக்கு அவள் பிடரியில் கை வைத்தேன். தண்ணீரிலேயே நின்றதில் என் கை குளிர்ந்து விறைத்திருந்தது. மேலே வந்தவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் பயம் இல்லை.

"சின்னத்தை, இந்தக் கைதான்" என்றாள்.

கரையில் இருந்தவர்கள் காந்திமதிதான் பேசுகிறாள் என்று கும்பிட்டார்கள். கோடாங்கி உடுக்கையை வேகமாக அடித்தார்.

வெள்ளத்தின் இழுப்பில் கை நழுவிவிட்டது என்றுதான் எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பிரம்மநாயகிகூட என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நழுவவில்லை, ஐயா. அறுபத்து நாலு என்று எண்ணினேன். அப்புறம் எண்ணவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.

அவள் கரையேறி இன்னொரு தடவை அதைச் சொல்லியிருந்தால், நான் சொல்வதைத் தெருவில் அதற்குமேல் யார் நம்புவார்கள்?