மூன்று கப் எடுத்த அணி

"அந்த மூண்டு கப் எடுத்த டீம் இல்லையெண்டால் நான் உங்களைக் கட்டியிருக்கவே மாட்டன்."

லண்டன் ஈஸ்ட் ஹாமில் கணவரோடு ரயில் ஏறிய ஐம்பது வயதுப் பெண்மணி இப்படிச் சொன்னதும், எதிரே இருந்த நான் போனை மடியில் வைத்துவிட்டேன். கணவர் கையில் இருந்த பேப்பரில், இங்கிலாந்து கால்பந்து லீக்கின் தலைசிறந்த அணிகள் என்று ஒரு பட்டியல்.

"கதையை மாத்தாதையும். சீசன் முழுக்க ஒரு மட்ச்சும் தோக்காத எங்கட டீம்தான் முதலாவது."

"தோக்கேல்லைதான், எத்தினை மட்ச் டிரோ? எங்கட ஆக்கள் ஒரே சீசனில லீக்கும் எடுத்து, உள்ளூர்க் கப்பும் எடுத்து, ஐரோப்பாக் கப்பும் எடுத்தவை. நீங்கள் என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்குத்தானே அந்தப் பைனல்."

"ஓம், உங்கட வீட்டு டிவியில."

"தோல்விதான் எண்டு எல்லாரும் சாப்பிட எழும்பிப் போட்டினம். நாங்கள் ரெண்டு பேரும்தான் இருந்தனாங்கள். கடைசி நேரத்தில ரெண்டு கோல்! நீங்கள் துள்ளிக் கத்தினதைப் பாத்துத்தான் நான் கலியாணத்துக்கு ஓம் எண்டனான்."

அவர் பேப்பரை மடித்தார்.

"ஆனால் அது உங்கட டீம் இல்லையே. ஏன் கத்தினனீங்கள்? இண்டைக்காவது சொல்லுங்கோ."

"நீர் கத்தினீர். அதுதான் நானும் கத்தினனான்."

பிளேஸ்டோ வரும்வரை அந்த அம்மா யன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பினார்.

"அப்ப எங்கட டீம்தான் முதலாவது எண்டு ஒத்துக்கொள்ளுங்கோவன்."

"அது மட்டும் ஏலாது" என்றார் கணவர், மனைவியின் பையையும் தூக்கிக்கொண்டு இறங்க எழுந்தபடி.