பாதிப் படத்தில் மொட்டை

பொதட்டூர்பேட்டை பஸ் திருத்தணியில் நின்றுகொண்டிருந்தது. என் முன் சீட்டில் லுங்கிக் கடைக்காரரும் அவர் மச்சானும். கடைக்காரர் தலையில் புது மொட்டை, ஈரச் சந்தனம்.

"நாளைக்கு மீதி விளம்பரப் படம் எடுக்கணும். இன்னிக்கு மொட்டை போட்டுகினு வந்துட்டீங்களே, பாவா."

"படம் நல்லா வரணும்னு வேண்டிக்கினேன். நேத்து எடுத்தது நல்லா வந்துச்சின்னாங்க. சாமி காரியத்தைத் தள்ளிப்போடலாமா?"

"நேத்து படத்துல சுருட்டை முடியோட கடையில லுங்கி எடுத்தீங்க. நாளைக்கு மொட்டையோட கட்டிகினு தெருவுல நடப்பீங்க. நம்ம லுங்கி கட்டினா முடி கொட்டிடும்னு கொட்டாயில சிரிப்பானுங்க."

நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சினிமாக் கொட்டகைக்கு விளம்பர ஸ்லைடு வரைபவன் நான். அவர்கள் கடைக்கும் நான்தான். கலரில் ஆடி அசைகிற படம் வரப்போகிறது என்று கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டினி கிடக்க முன்கூட்டியே பழகுகிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

"தீபாவளிக்குத்தானே படம் ஓட்டப்போறோம், அதுக்குள்ள முடி வளந்துடாதா?"

"எங்க வளரும்? பேசாம அந்த ஸ்லைடுகாரரையே வரையச் சொல்லுங்க. எவ்ளோ முடி கேட்டாலும் வெச்சிக் குடுப்பாரு."

"ஆங், அதுவும் சரிதான். மீசையும் கொஞ்சம் பெருசா வெக்கச் சொல்லு."

அந்தப் படம் நின்றுபோனால் மொட்டை போடுகிறேன் என்று நானும் அதே முருகனிடம்தான் வேண்டியிருந்தேன். சாமி காரியத்தைத் தள்ளிப்போடலாமா? கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் இறங்கி மலையைப் பார்த்து நடந்தேன்.