முள்ளங்கி இல்லாத பதினாறு படங்கள்

முள்ளங்கி வரைவது சுலபம், இன்ஸ்பெக்டர் ஐயா. நீளமாக ஒரு உடம்பு, தலையில் கொஞ்சம் இலை. வெள்ளரிக்காய்தான் படுத்தும்; எப்படி வரைந்தாலும் கத்தரிக்காய் மாதிரி வந்து நிற்கும். என் மேசையிலிருந்து நீங்கள் எடுத்த இரண்டு தாள்களும் என் கைவேலைதான்.

எங்கள் குரோதானி ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். உரிமத்தைப் புதுப்பிக்க அவர்களுக்கு ஞாபகத் தேர்வு உண்டு. பதினாறு படங்களைக் காட்டுவோம். சற்றுக் கழித்து என்னென்ன பார்த்தீர்கள் என்று எழுதச் சொல்வோம். தேர்வு நடத்துவது நான். ஊராட்சி வாசலில் 'முதியோர் விபத்தில்லா நாட்கள்' பலகையில் தினமும் எண்ணை மாற்றுவதும் நான்.

மூன்று வருடம் ஆகப்போகிறது. ஒருவர் பிரேக் என்று ஆக்சிலேட்டரை மிதித்து, காரோடு தோஃபுக் கடைக்குள் போய்விட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் பலகை பூஜ்யத்துக்குப் போனது. அன்று வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

கிழவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. தேர்வுக்கு வீட்டிலேயே பயிற்சி எடுத்துவிட்டு வந்து எல்லாரும் தேறினார்கள். அரசின் நல்ல நோக்கம் வீணாகலாமா? அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது படத்தாளை மாற்றிவைக்க ஆரம்பித்தேன்.

முரோய்க்கு எண்பத்தொன்று. முள்ளங்கி விவசாயி. மனைவி சதோவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய, பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரிக்கு இவர்தான் காரில் கூட்டிப்போவார்.

"முள்ளங்கி இருந்துச்சு தம்பி. காலம்பூரா அதைத்தான் புடுங்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"நீங்களே பாருங்கய்யா. வெள்ளரிக்கா."

"கத்தரிக்கா மாதிரில்ல இருக்கு."

அது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

வெளியே சதோ அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவருக்கு நெசமாவே புத்தி தடுமாறிடுச்சா தம்பி? நேத்துகூட என் மாத்திரையெல்லாம் பேர் சொல்லி எடுத்துக் குடுத்தாரே."

"ஆரம்பத்துல அப்படித்தாம்மா இருக்கும்."

உரிமத்தை ஒப்படைத்தவருக்கு முறைப்படி எல்லாம் செய்தோம். கைதட்டினோம், போட்டோ எடுத்தோம், பாதிக் கட்டண பஸ் அட்டை கொடுத்தோம். அந்த பஸ்ஸை வசந்தத்திலேயே நிறுத்திவிட்டது வேறு துறை. டாக்சியா? ஊரில் இருந்த ஒரே டாக்சிக்காரருக்கு எழுபத்தொன்பது. அவருக்கும் முள்ளங்கி ஞாபகம் சரியில்லை.

ஜனவரிப் பனியில், முள்ளங்கி ஏற்றும் தள்ளுவண்டியில் மனைவியை உட்காரவைத்து, போர்வை போர்த்தி, ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். ஒன்பதாவது கிலோமீட்டரில் இருவர் உடலையும் நீங்கள் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தீர்கள். முதியவர்கள் காரில் ஒட்டுவதற்கு நாங்கள் தரும் நாலிலை ஸ்டிக்கரை வண்டியின் பின்னால் ஒட்டியிருந்தாராம். சட்டத்தை மதிக்கிற மனிதர். சட்டைப்பையில் ஒரு தாள், அதில் வரிவரியாக, 'முள்ளங்கி இல்லை, வெள்ளரிக்காய்' என்று எழுதிப் பழகியிருந்தார் என்றீர்கள். அடுத்த தேர்வுக்குப் படித்திருக்கிறார், பாவம்.

ஆமாம், படத்தை மாற்றியது நான்தான். அவருக்கு மட்டுமில்லை, நாற்பத்தொரு பேருக்கு. எல்லாருக்கும் ஞாபகம் நன்றாகவே இருந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. தள்ளுவண்டி வாகனத்தில் சேராது, விதியில் இருக்கிறது. ஆகவே இன்று ஆயிரமாவது நாள். விடியும்போதே என்னைக் கூட்டிவந்துவிட்டீர்கள். பலகையில் இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுதான் இருக்கும். யாரையாவது அனுப்பி மாற்றச் சொல்லுங்கள், பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள்.