வளைவு வரைக்கும் கேட்கணும்

— இந்த ஆம்ப்ளிபயர் பத்தாது கெஸியா. இன்னும் பெருசாக் காட்டு.

— அண்ணா, இதுவே நாப்பது வாட்ஸுங்க. ஊட்டுல வெச்சு வாசிக்கத்தானுங்களே கேட்டீங்க?

— ஊட்டுலதான்.

— உங்கூட்டு ஹால் என்ன, பத்துக்குப் பன்னெண்டு இருக்குமா? அதுக்கு இந்தப் பதினஞ்சு வாட்ஸே தாராளம். இதுக்கு மேல போனா அலமாரில இருக்கற டம்ளரெல்லாம் ஆடும்.

— ஆடட்டும்.

— ஆடட்டுமா! ரோஸ்மேரியக்கா பாத்துப் பாத்து அடுக்குன டம்ளருங்ணா அது... மன்னிச்சுக்கோங்ணா. வாய் தவறி...

— அட, விடு. என் ஊட்டுக்காரி போயி ரெண்டு வருசமாச்சு, அவ பேர யாரு சொல்றா இப்ப? நீயாவது சொல்லு. அந்த மூலைல இருக்கற கறுப்புப் பெட்டி என்னது?

— அது சாதா எலக்ட்ரிக் கிட்டாருக்கு. பேஸ் கிட்டார அதுல சொருகி வேகமா வெச்சா ஸ்பீக்கர் கிழிஞ்சுரும். முப்பது வருசமா கொயர்ல பேஸ் வாசிச்சவருக்கு நான் சொல்லோணுமாக்கும்?

— தெரியும், தெரியும். அதுக்குப் பக்கத்துல?

— அது நூறு வாட்ஸு. பேஸுக்குன்னே வந்தது. ஆனா மேடைக்குங்ணா அது. டிரம்ஸு, கீபோர்டு எல்லாத்துக்கும் நடுவுல கேக்கறதுக்கு. உங்ககூட யாரு வாசிக்கறாங்க?

— யாருமில்ல.

— பாட?

— ஏம்மா, ஆம்ப் விக்கறியா, சென்சஸ் எடுக்கறியா?

— கேட்டாத்தானுங்ணா சரியானத எடுத்துக் குடுக்க முடியும். எவ்ளோ பெரிய எடம், கூட என்ன வாசிக்கறாங்க, எத்தன பேரு கேப்பாங்க... வர்றவங்க எல்லார்த்துகிட்டயும் இந்த மூணையும் கேட்டுருவேன்.

— சரி, எழுதிக்கோ. எடம் பத்துக்குப் பன்னெண்டு. கூட யாருமில்ல. கேக்கறதுக்கு... அத விடு. நூறு வாட்ஸ எடு.

— எதுக்குங்ணா அவ்ளோ பெருசு?

— காது மந்தமாயிருச்சு. அருவங்காட்டு பேக்டரில இருவத்தெட்டு வருசம் மெசின் பக்கத்துல நின்ன காதில்ல.

— ஐயோ, அப்பிடிங்களா... டீ சொல்லட்டுங்களா?

— சொல்லு. சர்க்கரை வேண்டாம்.

— முதுகக் காட்டிட்டு, குசுகுசுன்னு கேட்டேன். பட்டுனு பதில் வருது. காது மந்தமாமா!

— ...கேடிம்மா நீ.

— பொய் சொல்லத் தெரியலைங்ணா உங்களுக்கு. இந்தாங்க, அந்த பேஸ எடுத்து சும்மா ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. வால்யூம் நான் வெக்கறேன்.

— வெரலெல்லாம் வெறச்சுக் கெடக்குது. வெளிய இந்தப் பனிக்கு... எங்க, நல்லா ஏத்து.

— ம்... ம்ம்...

— என்ன ஹம் பண்ற?

— இது கிறிஸ்மஸ் கேரல்ஸ்ல கடைசியா, ஒவ்வொரு ஊட்டுலயும் கெளம்பறப்பப் பாடற பாட்டுதானுங்க?

— வெறும் பேஸ வெச்சே கண்டுபுடிச்சுட்டியே! தனியா வாசிச்சா எவனுக்கும் எந்தப் பாட்டுன்னே தெரியாது. நாலு பேரு மேல பாடுனாத்தான் அது பாட்டு. இல்லாட்டி டும் டும்னு யாரோ சொவத்த இடிக்கற மாதிரித்தான்.

— பதினேழு வருசம் ரோஸ்மேரியக்கா பக்கத்துல நின்னு, பொம்பளைங்க கீழ்க்குரல், ஆல்ட்டோ பாடியிருக்கேனுங்களே. எனக்குத் தெரியாதா.

— ஏன் நிறுத்திட்ட? பாடு.

— தொண்ட சரியில்லீங்ணா.

— எரநூறு அடி தள்ளிக் கேக்குமா இது?

— எரநூறு அடியா? உங்கூட்டுல இருந்து எரநூறு அடிக்கு வெறும் டீச்செடிதானுங்களே.

— செடியத் தாண்டி ரோடு இருக்குதில்ல.

— ரோட்டுல யாருங்ணா... வளைவுங்களா?

— வளைவுதான். கேரல்ஸ் ஜீப்பு அங்க திரும்பித்தான குவார்ட்டர்ஸுக்கு எறங்குது.

— இந்தாங்ணா, டீ வந்துருச்சு.

— ரோஸ்மேரி போயி மூணு மாசத்துல வந்த கிறிஸ்மஸுக்கு நானேதான் சொல்லியனுப்பினேன். துக்க ஊடு, இந்த வருசம் பாட்டு வேண்டாம்னு. வரல. அது முறை. நானும் வாசிக்கப் போகல. ஆனா போன வருசம் நான் ஒண்ணும் சொல்லலியே. வருவாங்கன்னுதான இருந்தேன்.

— உங்கள வாசிக்கவும் கூப்புடலீங்களே.

— கீபோர்டு வாசிக்கற டெனின் எடது கையாலயே பேஸ் வாசிச்சர்றானாம். நல்ல பையன், நல்லா வாசிக்கறான். அதுக்கெல்லாம் எனக்கு வருத்தமில்ல. பாட்டு வரலீன்னுதான் வருத்தம். கெஸியா, அந்த ஊட்டுல யாரு கடைசியாப் பாடுனாங்கன்னு எனக்கே ஞாபகமில்ல.

— ஒரு போன் பண்ணி, வாங்கன்னு சொல்லியிருக்கலாமுங்களே.

— எந்த ஊட்டுல, கேரல்ஸுக்கு வாங்கன்னு போன் பண்ணிக் கேக்கறாங்க? அவங்களா வரோணும். கேட்டு வாங்கிட்டா அது கொயரு வந்ததா இருக்காது, ஆஸ்பத்திரில நோயாளியப் பாக்க வந்த மாதிரி இருக்கும்.

— அதுக்காக...

— அதுக்காகத்தான் இது. ஜீப்பு வளைவுக்கு வர்றப்பக் கதவ நல்லாத் தொறந்து வெச்சுட்டு, நூறு வாட்ஸுல இந்தப் பாட்ட வாசிக்கப் போறேன். இந்த ஊட்டுல இன்னும் ஆளு இருக்குதுன்னு தெரியட்டும்.

— போன வருசம்... ஜீப்பு போறப்ப நீங்க உள்ளதானுங்க இருந்தீங்க?

— உள்ளயா? ஆறு மணிக்கே ஸ்டூலத் தூக்கி ரோட்டோரக் கேட்டுகிட்டப் போட்டாச்சு. ரெண்டு பிளாஸ்க்கு டீ. பிளம் கேக்க வெட்டித் தட்டுல வெச்சு, மேல துணி போட்டு மூடி... அந்த அலமாரி டம்ளரு இருவதையும் கழுவி எடுத்தாந்தேன். ஏழு மணிக்கு ஜீப்பு சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சு டார்ச்ச இப்பிடி ஆட்டுனேன். பனி சாஸ்தி. யாரும் பாக்கல. அப்பிடியே திரும்பிப் போயிருச்சு. குவார்ட்டர்ஸ்ல பாடறது மேல வரைக்கும் கேட்டுச்சு.

— டீ ஆறுதுங்ணா.

— மறுநாள் காலைல பிளாஸ்க்க டீச்செடிக்கு ஊத்துனேன். டீச்செடிக்கே டீ! சிரிம்மா.

— சிரிப்பு வரலீங்ணா.

— நீ ஜீப்புல இருந்திருந்தா நிறுத்தச் சொல்லியிருப்ப. உனக்குப் பாரு, அன்னிக்குன்னு காய்ச்சலு. ஞாயித்துக்கெழம சபைல சொன்னியே.

— ...ஆமாங்ணா.

— என்ன, கண்ணத் தொடைக்கற? உனக்குப் போயிச் சொன்னேன் பாரு. சரி, இதக் கட்டு. ஆட்டோக்காரன் காத்துட்டிருக்கான்.

— இது வேண்டாங்ணா.

— ஏன், எரநூறு அடி கேக்காதா?

— கேக்கும். நல்லாவே கேக்கும்.

— அப்பறமென்ன?

— கேட்டாலும் ஜீப்பு நிக்காதுங்ணா.

— ஏன் நிக்காது? பனிக்குத்தான டார்ச்சு தெரியல. சத்தத்துக்கென்ன பனி?

— டார்ச்சு தெரிஞ்சுதுங்ணா... எனக்குக் காய்ச்சலெல்லாம் இல்ல. முன்சீட்டுல நாந்தான் இருந்தேன், பாடப்போற ஊட்டு லிஸ்ட்ட மடில வெச்சுட்டு. துக்க ஊடுன்னு மொத வருசம் உங்க பேர நாந்தான் அடிச்சேன். போன வருசம் அதப் பாத்தே புது லிஸ்ட்டு எழுதுனேன், உங்க பேரு விட்டுப்போச்சு. வளைவுல உங்களப் பாத்தப்பத்தான் தப்பு தெரிஞ்சுது. டிரைவர் சங்கிலிகூட, "அக்கா, தேவநேசன் சார் நிக்கறாரு, நிறுத்தட்டுமா"ன்னு கேட்டாரு. அந்தக் கேட்டுகிட்ட டம்ளரெல்லாம் ஜீப்பு லைட்டுல மின்னுச்சு... அக்கா இல்லாம அவங்க வாசல்லயே நின்னு, அவங்க ஆல்ட்டோவ நான் ஒருத்தியாப் பாடோணும்... என்னால முடியலீங்ணா. "லிஸ்ட்டுல இல்ல, போங்க"ன்னு நாந்தான் சொன்னேன்.